நகலுக்கும் உண்டு மதிப்பு

இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில், 1376இல் மறைந்த ‘கறுப்பு இளவரசர்’ எட்வர்டின் கல்லறைக்கு மேலே ஒரு இரும்புத் தலைக்கவசம் தொங்குகிறது. அது நகல். பல நூற்றாண்டுகள் அங்கே தொங்கிய அசலைப் பத்திரப்படுத்திவிட்டு, 1950களில் இதை ஏற்றினார்கள். அசலின் ஆயுளை நீட்டித்துத் தரும் நகலை மட்டமாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

வீட்டு அலமாரிக்கென்று செய்யப்படும் நகல்களிலும் தேர்ந்த வேலைப்பாடு உண்டு. கவிழ்த்த வாளி போலிருக்கும் பெருந்தலைக்கவசத்தையே பாருங்கள். தனித்தனித் தகடுகளை வளைத்து, ரிவெட் அடித்து இணைத்திருப்பார்கள். பார்வைக்கு ஒடுங்கிய ஒரு பிளவுதான். மூச்சுத் துளைகள் பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும். குதிரைமேல் இருந்து மோதும்போது எதிரியின் ஈட்டி இடப்பக்கத்தைத்தான் தாக்கும். அங்கே துளையிட்டால் தகடு வலுவிழக்கும்.

காட்சிக்கவசத்துக்கு 1.2 மில்லிமீட்டர் தகடே போதும். ஆனால், எந்த ஈட்டியும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் துளைகளைச் சரியான பக்கத்தில் இடுகிறாரே, அவர்தான் கைவினைஞர். ஒவ்வொரு வடிவத்துக்கும் காரணம் அறிந்து செய்யும் அந்த வேலைக்குக் கேட்கும் விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.