மதுரைப் பகுதிப் பெயர்களும் நகரைப் புதுக்குதலும்

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி தமிழில் நன்கு வளர்ந்துள்ள துறைகளுள் ஒன்றாகும். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தமிழகம் - ஊரும் பேரும்' என்னும் நூல் அத்துறைக்கு வழிகாட்டியாய் அமைந்தது. நிலமும் நாடும், படையும் குலமும், அரசரும் தெய்வமும் ஆகிய இவற்றின் அடியாகப் பெயர்கள் பிறந்த வகையை அந்நூல் இனிய நடையில் விளக்குகின்றது. பின்வந்தோர் கல்வெட்டுச் சான்றுகளும் ஒலிமாற்ற நெறிகளும் கொண்டு அதனை விரித்தனர். ஆயினும் இவ்வாராய்ச்சி பெரும்பாலும் ஒரு வினாவோடு நின்றுவிடுகின்றது. இப்பெயர் எவ்வாறு வந்தது என்பதே அவ்வினா. வந்த பெயர் எதனால் நிலைத்தது, எதனால் வழக்கொழிந்தது, நிலைத்த பெயர் அவ்விடத்து வாழ்வார்க்கு எவ்வகையிற் பயன்பட்டது என்பன ஆராயப்படாமலே உள்ளன. பழைய நகரங்களைப் புதுக்கும் பணியை அரசு பேரளவில் மேற்கொண்டுள்ள இக்காலத்தில், இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. ஒரு நகர்ப்பகுதியைப் புதுக்குவோர் எதனை மீட்க வேண்டும் என்பதைப் பல இடங்களில் அப்பகுதியின் பெயரே சொல்லிவிடுகின்றது. இதனை மதுரை நகரைக் கொண்டு காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் நன்னூலார் பகுத்தார். உரையாசிரியர்கள் காரண இடுகுறி என்னும் மற்றொன்றையும் கொண்டனர். பறப்பன எல்லாவற்றுக்கும் உரிய 'பறவை' என்னும் காரணப்பெயரும், காரணம் கருதாது வழங்கும் 'மரம்' என்னும் இடுகுறிப்பெயரும் பள்ளி மாணவரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இப்பாகுபாட்டினை இடப்பெயர்களுக்குப் பொருத்திப் பார்க்கும்போது ஒன்று புலனாகின்றது. இடப்பெயர் பிறக்கும்போது பெரும்பாலும் காரணப்பெயராகவே பிறக்கின்றது. காரணம் மறையுங்கால் இடுகுறியாகத் தேய்கின்றது. ஆகவே ஒரு நகர்ப்பகுதியின் தேய்வும் அதன் பெயரின் தேய்வும் பல இடங்களில் உடன் நிகழ்கின்றன. எனினும் காரணம் மறைந்த பின்னரும் பெயர் நின்றால், மறைந்த காரணத்திற்கு அதுவே சான்றாகின்றது.

மதுரையின் வீதிகளை எடுத்துக்கொள்வோம். மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்னும் வீதிகள் ஒன்றன் புறத்தொன்றாக அமைந்துள்ளன. திங்களின் பெயரால் வீதிகளை வழங்குவது, அத்திங்களில் நிகழ்ந்த விழாவின் உலா அவ்வீதி வழியே சென்றமையாலாகும். இன்று சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில் ஓடுகின்றது. சித்திரைத் தேருக்கு மாசி வீதி ஏன் என வெளியூரார் வியப்பதுண்டு. மாசியில் நிகழ்ந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் (1623-1659) சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அரசன் ஆணையால் விழா மாறியது. வீதியின் பெயர் மாறவில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளாக ஒரு பழைய விழா நாட்குறிப்பை அவ்வீதி தன் பெயரிற் சுமந்து நிற்கின்றது. இத்தகைய சான்றினைக் கல்வெட்டிலும் எளிதிற் காண முடியாது. திருமலை நாயக்கர் எடுத்த மண்டபம் இன்றளவும் 'புதுமண்டபம்' என்றே வழங்குவதும் இவ்வகையினதே. மதுரையிற் 'புது' என்னும் அடைமொழியைக் கண்டு வயதை அளத்தல் பிழைபடும்.

கோயிலை விட்டு வெளியே வருவோமாயின், 19ஆம் நூற்றாண்டின் நகர் புதுக்கம் எதிர்ப்படுகின்றது. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும் நகரை நெருக்கி நின்றன. அவற்றை அகற்றும் பணி 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்டக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நடைபெற்றது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போர்க்கு அந்நிலத்தில் மனை வழங்குவதாகக் கூறி மக்களையே அவர் அப்பணியில் ஈடுபடுத்தினார் என்பர். அப்போது தோன்றியவை வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் ஆகும். மாரட் என்பார் நில அளவையாளர். பெருமாள் என்பார் வேலையை மேற்பார்த்த மேஸ்திரி. ஒரு நகரைப் புதுக்கிய தொழிலாளர் தலைவன் ஒருவன் பெயர், தான் உருவாக்கிய வீதிகளுக்கே நிலைத்தது நம் நாட்டு நகர வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. இக்காலத்தில் பாலம் கட்டிய மேஸ்திரியின் பெயரைப் பாலத்திற்கு இடுவாரைக் காணோம்.

அப்பணிக்கெல்லாம் தலைவராய் இருந்த பிளாக்பர்னின் பெயர் என்னவாயிற்று? அவர் நினைவாக விளக்குடன் கூடிய தூண் ஒன்று நிறுவப்பெற்றது. அவ்விடத்தை மக்கள் 'விளக்குத்தூண்' என்று வழங்கினர். இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். தூணிற் பொறித்த பெயரை அங்குத் துணி வாங்க வருவோர் பலரும் அறியார். நினைவுச் சின்னம் எழுப்பியும் நில்லாத பெயர் ஒன்று. எழுப்பாமலே நின்ற பெயர் மற்றொன்று. இவ்வேறுபாட்டின் காரணம் எளிது. வீதியில் குடியேறியவர்க்குப் பெருமாள் மேஸ்திரி கண்ணெதிரே கண்ட மனிதர். விளக்குத்தூணோ இரவிலும் வழி காட்டும் அடையாளம். ஆள்வோர் இடும் பெயரைக் காட்டிலும் வாழ்வோர் இடும் பெயர் வலிமையுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பேருந்து நிலையத்திற்கு எம்.ஜி.ஆர். பெயர் முறையாகச் சூட்டப்பட்டிருந்தும் 'மாட்டுத்தாவணி' என்று கூறியே நடத்துநர் பயணிகளை அழைக்கின்றார். மாட்டுச் சந்தையின் நினைவு அத்துணை வலிமையுடையது.

கோட்டை போயினும் கீழவாசல், தெற்குவாசல் என்னும் பெயர்கள் அதன் எல்லையைக் குறித்து நிற்கின்றன. அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தும் பத்துத்தூண் சந்து, அதன் எஞ்சிய பத்துத் தூண்களால் பெயர் பெற்று விளங்குகின்றது. மகாலை அடுத்த நவபத்கானா தெரு, முரசும் இன்னியமும் முழங்கிய மேடையைப் பாரசீகச் சொல்லால் நினைவூட்டுகின்றது. சிம்மக்கல்லையும் யானைக்கல்லையும் பற்றிக் கூற வேண்டுவதில்லை, பெயரே விளக்கம்.

இனி, காரணம் மறைந்த பெயர் நகர் புதுக்கத்திற்கு எவ்வாறு உதவும் என்பதை இரு நீர்நிலைகளால் காண்போம். திருவிளையாடற் புராணத்தில் காஞ்சனமாலையின் பொருட்டு இறைவன் எழுகடலை அழைத்த வரலாறு கூறப்படுகின்றது. அதன் நினைவாகக் கோயிலின் கீழ்ப்புறத்தில் இருந்தது எழுகடற் குளம். இன்று அங்கே நீர் இல்லை, கடைகளே உள. எழுகடல் தெரு என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. கடலின் பெயரைத் தாங்கிய தெருவில் துளி நீரும் இன்மை முழு இடுகுறித் தேய்வுக்கு எடுத்துக்காட்டு.

மற்றொன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அகழ்ந்த இப்பெருங்குளம் நெடுங்காலம் வறண்டு கிடந்தது. இளைஞர் அதனுட் பந்தாடினர். தெப்பத்திருவிழாவின்போது மட்டும் நீர் நிரப்பப்பட்டது. இருந்தும் அப்பகுதி 'தெப்பக்குளம்' என்ற பெயரை விடவில்லை. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் சீர்செய்யப்பட்டு வையை நீர் குளத்திற்கு வந்தது. நீர் வந்ததும் மாலைப்பொழுதில் மக்கள் கூடினர், கடைகள் பெருகின, படகு மிதந்தது. அங்கே புதுப்பெயர் எதுவும் சூட்ட வேண்டியிருக்கவில்லை. பெயர் கூறிய பொருளை மீட்டளித்ததே போதியதாயிற்று. வறண்ட நாளில் இடுகுறியாய் இருந்த சொல் மீண்டும் காரணப்பெயர் ஆயிற்று. இவ்விரு குளங்களையும் ஒப்பிடுமிடத்து, பெயர் நிற்பதனால் மட்டும் பகுதி உயிர்பெறாது என்பதும், பெயர் நின்றமையால் மீட்பார்க்கு வழி தெரிந்தது என்பதும் ஒருங்கே பெறப்படும்.

'சீர்மிகு நகரம்' என்னும் மத்திய அரசுத் திட்டத்திற்கு 2016ஆம் ஆண்டில் மதுரை தெரிவுசெய்யப்பட்டது. அத்திட்டத்தின் கீழ்க் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் புதுக்கப்பட்டன. புதுமண்டபத்துள் இருந்த தையற்காரரும் புத்தக வணிகரும் பாத்திரக் கடையினரும் குன்னத்தூர்ச் சத்திரத்திற்கு மாற்றப்பட்டனர். மண்டபத்தின் சிற்பங்களைக் காத்தற்கு இம்மாற்றம் வேண்டியதே. அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் 'புதுமண்டபம்' என்னும் சொல்லுக்கு மக்கள் வழக்கில் கல்மண்டபம் என்பதோடு நோட்டுப்புத்தகம் என்றும், பாவாடை சட்டை என்றும், திருமணப் பொருள் என்றும் பொருள் இருந்தது. அகராதியில் ஏறாத அப்பொருள்கள் இடம்பெயர்ந்துவிட்டன. அவை சத்திரத்தின் பெயரோடு ஒட்டுமா என்பதைக் காலமே காட்டும். பகுதிகளைப் புதுக்குவோர் கட்டடங்களுக்குப் பட்டியல் எடுக்கின்றனர். பெயர்களுக்கும் அவை சுட்டும் தொழில்களுக்கும் அவ்வாறு பட்டியல் எடுத்திருப்பின், எக்கடை எங்கே மாறுதல் வேண்டும் என்பது பற்றி வேறு முடிவும் தோன்றியிருக்கலாம்.

நகரின் எல்லை விரிந்தபோது பிறந்த பெயர்கள் பெரும்பாலும் 'நகர்' என முடிகின்றன. சங்க இலக்கியத்தில் 'நகர்' என்னும் சொல் மாளிகையையும் கோயிலையும் குறித்தது. பின்னர்ப் பேரூரைக் குறித்தது. இன்று மனைப்பிரிவு ஒவ்வொன்றும் 'நகர்' ஆகிவிட்டது. தலைவர் பெயரோடு இச்சொல்லைச் சேர்த்துப் பின் அப்பெயரையும் முதலெழுத்துகளாகச் சுருக்கிக் கே.கே. நகர் என்று வழங்குகின்றோம். 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியின் வட்டங்கள் 72இலிருந்து 100 ஆயின. வட்டத்திற்கு எண் உண்டு. எண்ணால் வரி தண்டலாம். ஒருவன் தன் பகுதியைப் பற்றிப் பெருமை பேச எண் உதவாது.

பழைய பெயர் அனைத்தும் போற்றத்தக்கன என்று இதனாற் கொள்ளற்க. சாதிப் பட்டங்களைத் தெருப் பெயர்களிலிருந்து நீக்குமாறு தமிழக அரசு 1978ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2025 அக்டோபரில் மீண்டும் அத்தகைய ஆணை பிறந்தது. இழிவு கற்பிக்கும் பெயரோடு ஒருவன் தன் முகவரியை எழுத வேண்டியிருத்தல் கொடுமையே. வரலாற்றுச் சான்று என்னும் காரணம் காட்டி அதனை நிலைநிறுத்துவது அறமன்று. அவ்வரலாற்றை ஏட்டிற் பதிந்து வைத்தால் ஆராய்ச்சிக்குப் போதும்.

இங்கே 'சேரி' என்னும் சொல்லின் வரலாறு கருதத்தக்கது. சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையில் கோவலனும் கண்ணகியும் மதுரையின் மதிற்புறத்தே தங்கிய இடம் அறம்புரி மாந்தர் உறையும் புறஞ்சேரி. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அந்தணர் சபை ஆண்ட ஊரில் 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் குறிக்கின்றன. சேர்ந்து வாழும் இடம் என்பதே அச்சொல்லின் பொருள். அதனை ஒதுக்கப்பட்டோர் இருப்பிடம் என்று சுருக்கியது சொல்லின் குற்றமன்று, சமூகத்தின் குற்றம். ஆதலின் பெயரை மட்டும் மாற்றிச் சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் மாற்றாதொழியின், இன்று சூட்டும் நற்பெயரும் ஒரு தலைமுறைக்குள் அதே இழிபொருளை ஏற்கும். 'காலனி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் கண்முன்னே நேர்ந்தது அதுவே.

நீக்கிய பெயரின் இடத்தில் எதனை வைப்பது என்பது அடுத்த வினா. பூவின் பெயரும் புலவர் பெயரும் தீங்கற்றன. ஆனால் எந்த ஊரின் எந்தத் தெருவிற்கும் பொருந்துவன. கபிலர் தெரு என்பது மதுரைக்கும் ஆகும், சேலத்திற்கும் ஆகும். அத்தெருவில் ஒரு காலத்தில் இருந்த கிணறு, மரம், பட்டறை, சந்தை, பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர், வாய்க்கால் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டுப் பெயரிடுதல் அரிதன்று. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் பகற்கடைகளை நாளங்காடி என்றும் மாலைக்கடைகளை அல்லங்காடி என்றும் வழங்கினார். இரவு முழுதும் உணவு கிடைக்கும் ஊர் எனப் புகழ் பெற்ற மதுரையில் 'அல்லங்காடித் தெரு' என ஒன்று இல்லாமை வியப்பாகவே உள்ளது.

இப்பணிக்கு முதலில் வேண்டுவது சந்துகளின் பெயர்ப்பட்டியல். வீதிகளின் பெயர் பலகையிலும் பத்திரத்திலும் உண்டு. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளின் பெயர்களோ அங்கு வாழ்வாரின் நாவில் மட்டுமே உள்ளன. தமிழ் முதுகலை மாணவர் பதின்மர் ஒரு கோடை விடுமுறையில் மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடைப்பட்ட சந்துகளை வீடு வீடாகச் சென்று கேட்டுப் பதிவு செய்தல் இயலும். பெயர், அதன் பழைய வடிவம், சொன்னவரின் வயது, அவர் கூறும் காரணம், இன்று அங்கு நடைபெறும் தொழில் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு சந்துக்கும் குறிக்கப்படுதல் வேண்டும். கூறிய காரணம் உண்மையா, கட்டுக்கதையா என்பதைப் பின்னர் ஆராய்ந்துகொள்ளலாம்.