பட்டறையும் பள்ளியும்: தமிழ்த் திரைத்தொழில் கைமாறிய வழிகள்

கர்நாடக இசையில் ஒருவர் பாடும் சங்கதிகளைக் கொண்டே அவர் யாரிடம் பயின்றவர் என்று சொல்லிவிடும் ரசிகர்கள் உண்டு; ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு அவ்வாறு வந்துசேரும் பாட வடிவத்தைப் பாடாந்தரம் என்பர். ஏட்டில் முழுமையாக அடங்காமல் ஆளிலிருந்து ஆளுக்குக் கைமாறும் கலைகள் அனைத்திலும் இத்தகைய வழித்தடம் உண்டு. இயந்திரத்தோடு பிறந்த கலையான திரைப்படமும் தமிழ்நாட்டில் இதற்கு விலக்காக இருக்கவில்லை.

ஊமைப்பட நாள்களிலேயே இது தொடங்கிவிட்டது. மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்றுவந்த ஆர். நடராஜ முதலியார், புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் படக்கருவியின் கைப்பிடியைச் சீராகச் சுழற்றப் பழகி வந்து, சென்னையில் 'கீசகவதம்' எடுத்தார். அடுத்த தலைமுறையில், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்த எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் அறியாமலே 'சதிலீலாவதி' (1936) முதல் 'மந்திரி குமாரி' (1950) வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். ஆயினும் தொழிலைப் பரவலாகக் கற்பித்தவை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, ஏவி.எம்., வாகினி போன்ற ஸ்டூடியோக்களே. மாதச் சம்பளத்துக்கு அங்கே சேர்ந்தவர் படத்தளம், ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் பார்த்துப் பழக முடிந்தது. கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரிடம் படத்தொகுப்பு உதவியாளராக இருந்த ஏ. பீம்சிங் இயக்குநரானதும், அவர் மகன் பி. லெனின் படத்தொகுப்பில் தமக்கெனத் தனியிடம் பெற்றதும் ஒரே கொடியின் படர்ச்சி எனலாம்.

ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்து வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது கற்பிக்கும் பொறுப்பு இயக்குநரின் குழுவுக்கு மாறியது. உதவி இயக்குநர் என்று சேர்பவர் முதலில் கிளாப் அடிப்பார். அதாவது காட்சி எண்ணும் ஷாட் எண்ணும் எழுதிய பலகையைக் கேமராவின் முன் தட்டி, பின்னர் தொகுப்பவர் படத்தையும் ஒலியையும் பொருத்த வழிசெய்வார். பிறகு கன்டினியூட்டி அவர் கைக்கு வரும். ஒரே காட்சியின் பகுதிகள் வெவ்வேறு நாள்களில், முன்பின்னாக எடுக்கப்படுவதால், நடிகர் எந்தக் கையால் தம்ளரை எடுத்தார், புடவைத் தலைப்பு எந்தத் தோளில் கிடந்தது, வசனத்தின் எந்தச் சொல்லில் திரும்பினார் என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதே அந்த வேலை. பார்வைக்குக் கணக்குப்பிள்ளையின் வேலை போலிருக்கும் இதுதான் உண்மையில் இப்பள்ளியின் இலக்கணப் பாடம். இரு ஷாட்டுகள் ஏன் ஒட்டுகின்றன, ஏன் ஒட்டுவதில்லை என்பதை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் நூல் இல்லை. மாலையில் நடக்கும் கதை விவாதத்தில் ஒரு காட்சியை வாயால் சொல்லி அங்கிருப்பவர்களைக் கட்டிப்போட முடிகிறதா என்பதே தேர்ச்சிக்கான அளவுகோல்.

கன்னடத் திரையின் புட்டண்ணா கனகலிடம் பயின்ற பாரதிராஜா '16 வயதினிலே' (1977) எடுத்தார்; அவரிடம் பயின்றவர் கே. பாக்யராஜ்; பாக்யராஜிடம் பயின்றவர்கள் பாண்டியராஜனும் பார்த்திபனும். இங்கேதான் இசையோடு செய்த ஒப்பீடு இடறுகிறது. வயல்வெளியையும் முகத்தின் அண்மைக் காட்சியையும் நம்பிய ஆசிரியரிடமிருந்து, நடுத்தர வீட்டின் குறும்புப் பேச்சை நம்பிய மாணவர் வந்தார். கைமாறியது பாணியன்று, ஒரு படத்தைத் தொடங்கி முடிக்கும் திராணியே. ஆசிரியரின் நிழலையே மீண்டும் எடுத்த சீடர்களும் உண்டு. அவர்களை இந்த மரபே விரைவில் மறந்துவிட்டது.

மற்றொரு பள்ளி, பெயரிலேயே பள்ளி. சென்னையில் 1945இல் மத்தியப் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவுப் பாடங்களாகத் தொடங்கிய அரசுப் பயிற்சி, பின்னாளில் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று மக்கள் அழைத்த நிறுவனமாக வளர்ந்து, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கிறது. புனே திரைப்படக் கல்லூரி 1960இல் பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் அமைந்தது. இவற்றின் அளவுகோல் வேறு. ஆயிரம் அடி 35 மி.மீ. பிலிம் சுமார் பதினொரு நிமிடம்தான் ஓடும் என்பதால், ஒளியை மீட்டரால் அளந்து, லென்ஸின் திறப்பைக் கணித்து, ஒருமுறை எடுப்பதையே சரியாக எடுக்கும் கட்டுப்பாட்டை மாணவர் கற்றார். அடையாறு மாணவர் சி. ருத்ரய்யா 'அவள் அப்படித்தான்' (1978) எடுத்தார். ஆபாவாணன் தயாரிப்பில் மாணவர் கூட்டம் 'ஊமை விழிகள்' (1986) எடுத்து, திரைப்படக் கல்லூரி என்ற பெயரை ஊர்ப்புற ரசிகர்வரை கொண்டுசென்றது. எனினும் அக்கல்லூரியின் ஆழமான தடம் இயக்கத்தைவிட ஒளிப்பதிவிலேயே பதிந்தது என்பது மறுக்கத் தக்கதன்று. 'நாயகன்' (1987) படத்தின் ஒளிப்பதிவாளரான பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். அவரிடம் உதவியாளராக இருந்து வளர்ந்தவர்கள் ஜீவா, கே.வி. ஆனந்த், திரு முதலியோர். கல்லூரியில் கற்றது மீண்டும் குருகுலமாயிற்று. யாரிடமும் உதவியாளராக இராத மணிரத்னம்கூட, தம் முதற்படமான 'பல்லவி அனு பல்லவி' (1983) என்ற கன்னடப் படத்துக்குப் புனேயில் பயின்ற ஒருவரையே ஒளிப்பதிவாளராக நாடினார்.

அந்த ஒருவர், மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. இரு பள்ளிகளின் அளவுகோல்களும் ஒருவரிடமே கூடியது அவரிடம்தான். சிறுகதைகளைப் படித்துச் சுருக்கி எழுதுவதை உதவியாளர்களுக்குப் பயிற்சியாக அவர் வைத்திருந்தார். 'கதை நேரம்' தொலைக்காட்சித் தொடருக்காக அவர் சிறுகதைகளைப் படமாக்கியபோது அதுவே நடைமுறைப் பாடமாயிற்று. பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் அவரிடமிருந்து வந்தவர்கள். பாலாவின் 'சேது' (1999) குழுவில் இருந்த சசிகுமார் பின்னர் 'சுப்ரமணியபுரம்' (2008) எடுத்தார். 2007இல் பாலு மகேந்திரா தொடங்கிய பள்ளிக்குச் 'சினிமா பட்டறை' என்றே பெயரிட்டார்.

இம்மரபின் குறையையும் சொல்லியாக வேண்டும். சம்பளமின்றியோ பெயரளவுச் சம்பளத்துக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடிந்தவருக்கே பட்டறையின் கதவு திறந்தது. பெண்களுக்கு அது நெடுங்காலம் ஒருக்களித்துக்கூடத் திறக்கவில்லை. டிஜிட்டல் கேமராவும் 'நாளைய இயக்குநர்' என்ற தொலைக்காட்சிக் குறும்படப் போட்டியும் வந்தபின், கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றோர் நீண்ட காத்திருப்பின்றி நுழைந்தனர். பிலிம் விலை கற்பித்த சிக்கனம் மட்டும் இப்போது யாராலும் கற்பிக்கப்படவில்லை.

உதவி இயக்குநர்கள் எழுதிய கன்டினியூட்டிக் குறிப்பேடுகளே இம்மரபின் உண்மையான பாடநூல்கள். பழைய குழுக்களில் பணியாற்றியோர் வீட்டுப் பரணில் அவை இன்னும் கிடக்குமானால், பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிடாமல் ஒரு நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.