எங்கே போடலாம் மேடம்?

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளே பிரியும் தெருவில் இருக்கிறது என் வீடு. பௌர்ணமியன்று அங்கே வண்டி நுழையாது. அப்படி ஒரு மாலையில் கிரிவலக் கூட்டத்தோடு நடந்தே வந்து சேர்ந்தாள் ஓர் ஆய்வு மாணவி. கையில், செங்கம் பக்கத்து ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி இருபது பக்கக் கட்டுரை. பாதிப் பாட்டுகள் அவளுடைய ஆயா பாடியவை.

“எங்கே போடலாம் மேடம்? ஜெராக்ஸ் கடை அண்ணன் ரெண்டாயிரம் கேக்கறாரு. மூணு நாள்ல சர்டிஃபிகேட்டோட வந்துடுமாம். ஐஎஸ்எஸ்என் நம்பர் இருக்குதாம்.”

அந்த எண்ணை நம்பித்தான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். தொடர்ந்து வெளிவரும் இதழுக்குத் தரப்படும் எட்டு இலக்க அடையாளம் அது, அவ்வளவுதான். இந்தியாவில் அதைப் பெறக் கட்டணம்கூடக் கிடையாது. உள்ளே இருப்பதை யாராவது படித்துப் பார்த்தார்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரேஷன் கார்டில் எண் இருந்தால் வீட்டில் உலை கொதிக்கிறது என்று அர்த்தமா?

இந்தக் கடைகள் தானாக முளைக்கவில்லை. முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் சொல்லின. பிறகு குழுவே இதழ்ப் பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் கேர் பட்டியல் வந்தது. 2022இல் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்றார்கள். 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டு, இதழின் தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஆனால் உதவிப் பேராசிரியர் தேர்வுக்கான 2018 விதிகளில் கட்டுரைக்கு 2 மதிப்பெண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்படிக் கணக்குப் பார்க்கும்வரை கடைக்கு ஆள் வரும்.

வருகிறவர்களில் பெண்கள் ஏன் அதிகம் தென்படுகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. எந்த இதழ் நல்லது, எந்த ஆசிரியர் பதில் போடுவார் என்பதெல்லாம் எங்கே பேசப்படுகிறது? கருத்தரங்கு முடிந்த இரவில், விடுதி அறையில், டீக்கடையில். ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடியவளுக்கு அந்தப் பேச்சு கிடைப்பதில்லை. கடை வாசலில் ஒட்டிய நோட்டீஸ்தான் கிடைக்கும். நானும் அப்படி ஓடியவள்தான். என் முதல் கட்டுரை, பணம் கட்டிய ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் வந்தது. நான் காட்டியிருந்த பாடல்களெல்லாம் அடி பிரியாமல் உரைநடையாக அச்சாகியிருந்தன. இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அச்சேறிவிட்டதால் வேறு இதழுக்கும் அனுப்ப முடியவில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1969இல் நா. வானமாமலை ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். நெல்லை ஆய்வுக் குழுவில் இளைஞர்கள் கட்டுரையை வாசிப்பார்கள், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். தமிழில் நாட்டார் வழக்காற்றியல் வேர்பிடித்ததில் அந்த இதழுக்குப் பெரிய பங்குண்டு. அங்கேயும் நேரம் பார்க்காமல் உட்கார்ந்து விவாதிக்க எத்தனை பெண்களுக்கு வாய்த்திருக்கும்? மரியாதையோடுதான் கேட்கிறேன்.

அன்றிரவு நாங்கள் இருவரும் தரையில் பழைய இதழ்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒப்பாரியைப் பற்றி இதற்கு முன் யார் எழுதினார்கள், எந்த இதழில் எழுதினார்கள் என்று தேடினோம். நாம் யாரைப் படித்தோமோ அவர்கள் எழுதிய இடம்தான் நம் கட்டுரைக்கும் முதல் விலாசம். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமான ஆட்களா, பழைய இதழ்கள் நூலகத்தில் கிடைக்கின்றனவா, ஏற்றுக்கொள்ளும் முன்பே பணம் கேட்கிறார்களா என்று பார்த்தோம். கடைசியில் மூன்று இதழ்கள் மிஞ்சின. ஒன்றுக்கு அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, ஏழு கேள்விகளோடு. “ரிஜெக்ட் பண்ணிட்டாங்க மேடம்” என்று ஃபோனில் அழுதாள். எனக்கோ பொறாமையாக இருந்தது. ஐந்தாவது கேள்வி இது: தாலி அறுக்கும் சடங்கின்போது பாடுகிற பாட்டில் மட்டும் ‘நான்’ ஏன் ‘நாங்கள்’ ஆகிறது? இருபது பக்கத்தில் அவளும் கவனிக்காதது, அதைப் படித்த நானும் கவனிக்காதது.

தீபக் கூட்டம் குறைந்ததும் ஆயாவிடம் கேட்டுவர ஊருக்குப் போகிறாள்.