தூய உற்பத்தியும் தூய பூமியும்

சர்வதேச சமவாயம் ஒன்றை இலக்கிய நூலொன்றின் அருகே வைத்துப் படிப்பது நம்மிடையே வழக்கமில்லை. சமவாயம் சட்டத்தரணிகளுக்கும் இராசதந்திரிகளுக்கும் உரியது, நூல் நமக்குரியது என்றொரு பாகப்பிரிவினை எப்படியோ நிலைபெற்றுவிட்டது. ஆயினும் 2013ஆம் ஆண்டு யப்பானின் குமமொட்டோ நகரில் நிறைவேற்றப்பட்ட பாதரசம் பற்றிய சமவாயத்துக்கு மினமாட்டா என்னும் கடலோர ஊரின் பெயரைச் சூட்டினார்கள். அவ்வூரைப் பற்றி அவ்வூரிலேயே வாழ்ந்த இஷிமுரே மிச்சிக்கோ எழுதிய 'குகாய் ஜோதோ' 1969இல் வெளிவந்தது. 'துன்பக் கடலில் தூய பூமி' என்பது அப்பெயரின் பொருள். அமிதாப புத்தரின் அருளால் இறந்தபின் எய்தலாம் என்று மகாயான பௌத்தர் நம்பும் உலகமே தூய பூமி. சமவாயம் பிறந்த காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த கைத்தொழிற் கொள்கைக்கும் 'தூய உற்பத்தி' என்றே பெயர். ஒரே சொல் இவ்விரு இடங்களிலும் என்ன பொருளைத் தாங்கி நிற்கிறது என்பதே நமது விசாரணை. (இலக்கியத்திலும் 'தூய்மை' பேசுவோர் நம்மிடையே உளர், அவர்களைப் பிறிதொரு சமயம் கவனித்துக்கொள்வோம்.)

தூய உற்பத்தி என்னும் கொள்கையை ஐக்கிய நாடுகளின் சூழல் நிகழ்ச்சித்திட்டம் 1989இல் முன்வைத்தது. கழிவு வெளியேறிய பின்னர் குழாயின் வாயிலில் வடிகட்டுவதைவிட, மூலப்பொருளையும் செய்முறையையும் மாற்றிக் கழிவு தோன்றாமலே தடுப்பது மேல் என்பது அதன் சாரம். 1992இல் ரியோ மாநாட்டின் 'நிகழ்ச்சிநிரல் 21' அதனை ஏற்றது. 1994 முதல் பல நாடுகளில் தேசிய நிலையங்கள் எழுந்தன. 1998இல் சியோலில் ஒரு பிரகடனம் வெளியாயிற்று. 2015இல் வகுக்கப்பட்ட நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் பன்னிரண்டாவது இக்கருத்தின் வழிவந்ததே. கொள்கை நல்லது. அதனை மறுப்பதற்கு நாம் இதனை எழுதவில்லை. ஆனால் அதன் மூலச் சொல் ஓர் ஒப்பீட்டுச் சொல். 'முன்னிலும் தூய' என்பதே அதன் நேர்ப்பொருள். எதனிலும் தூயது, எவர்க்குத் தூயது என்னும் வினாக்களுக்கு அச்சொல்லில் இடமில்லை. முதலாளிகளை இணங்கவைப்பதற்கு இக்கொள்கையினர் கையாளும் வாதமோ ஒன்றே: மாசைத் தடுத்தால் இலாபம் பெருகும். அமெரிக்கக் கம்பனியொன்று 1975இலேயே தன் திட்டத்துக்கு இக்கருத்தைப் பெயராகவே வைத்துவிட்டது.

இலாபம் பெருகாதவிடத்து என்ன நிகழும்? இவ்வினாவுக்கு மினமாட்டா முன்னதாகவே விடை சொல்லியிருந்தது.

சிஸ்ஸோ கம்பனி அவ்வூரில் அசெற்றல்டிஹைட் என்னும் இரசாயனத்தைப் பாதரசத்தை ஊக்கியாகக் கொண்டு 1932 முதல் உற்பத்தி செய்துவந்தது. அச்செய்முறையிற் பிறந்த மெதைல் பாதரசம் கழிவுநீருடன் கடலுட் சென்று, மீனிலும் சிப்பியிலும் சேர்ந்து, மீனவர் குடும்பங்களின் உணவாயிற்று. முதலிற் பூனைகள் வெறிகொண்டு மடிந்தன. பின்னர் மனிதர் கைகால் நடுங்கி, பார்வையும் பேச்சும் குன்றி வீழ்ந்தனர். நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதத்தில். 1958இல் கம்பனி கழிவுநீரின் வாயிலைத் துறைமுகத்திலிருந்து ஆற்றின் கழிமுகத்துக்கு மாற்றியது. புதிய இடங்களிற் புதிய நோயாளர் தோன்றினர். கம்பனி மருத்துவமனையின் வைத்தியர் ஹொசொக்கவா அக்கழிவுநீரைப் பூனையொன்றுக்கு உணவுடன் ஊட்டி, 1959 ஒக்டோபரில் அதே நோயைக் கண்டார். அது அவரது நானூறாவது பூனை. நிர்வாகம் பரிசோதனையை நிறுத்தியது, முடிவை மறைத்தது.

அதே ஆண்டு டிசெம்பரில் 'சைக்கிளேற்றர்' என்னும் சுத்திகரிப்பு இயந்திரம் ஆரவாரத்துடன் திறந்துவைக்கப்பட்டது. கம்பனித் தலைவர் அதிலிருந்து வந்ததெனக் காட்டி ஒரு குவளை நீரை மக்கள் முன்னே அருந்தினார். கரைந்த பாதரசச் சேர்மத்தை அகற்றுவதற்கு அவ்வியந்திரம் அமைக்கப்படவேயில்லை என்பது பின்னர் வழக்கு மன்றத்தில் வெளிப்பட்டது. மாதம் முடியுமுன் நோயாளருடன் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இறந்தவருக்கு மூன்று இலட்சம் யென். கொடுப்பதற்கு வைத்த பெயர் 'அனுதாபப் பணம்'. கம்பனியின் கழிவுநீரே காரணம் எனப் பின்னாளில் நிறுவப்பட்டாலும் மேலதிகமாக எதுவும் கோருவதில்லை என்றொரு வாசகமும் அதில் இருந்தது. பூனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டே அந்த வாசகத்தை எழுதினார்கள். 1973 மார்ச்சில் குமமொட்டோ நீதிமன்றம் அவ்வொப்பந்தம் செல்லாது எனத் தீர்த்தது.

கழிவுநீர் எப்பொழுது நின்றது? 1968 மே மாதத்தில். நோயாளரின் துயரம் கண்டு அன்று. எண்ணெயிலிருந்து பெறப்படும் எதிலீனைக் கொண்டு அதே பொருளை மலிவாகச் செய்யும் முறை வந்துவிட, பழைய ஆலை கட்டுபடியாகாத ஒன்றாயிற்று. ஆலை மூடப்பட்டு நான்கு மாதங்களின் பின், செப்டெம்பரில், நோய்க்குக் காரணம் சிஸ்ஸோவின் கழிவே என யப்பானிய அரசு ஒப்புக்கொண்டது. வெறும் தொழில்நுட்பக் கண்கொண்டு நோக்கினால் இது தூய உற்பத்தியின் வெற்றி: செய்முறை மாறிற்று, நச்சு நின்றது, செலவும் குறைந்தது. அந்த வெற்றி வந்து சேர்வதற்கு நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. 2001 மார்ச் வரை குமமொட்டோ, ககோஷிமா மாவட்டங்களில் அரசு சான்றளித்த நோயாளர் மட்டும் 2,265 பேர். அவர்களுள் 1,784 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். சான்று மறுக்கப்பட்டோரின் தொகை இக்கணக்கில் இல்லை.

இஷிமுரேயின் நூல் இந்த இடத்திலேதான் நமக்கு இன்றியமையாததாகிறது. நூலில் மருத்துவ அறிக்கைகளும் அரசாங்க ஆவணங்களும் அப்படியே இடம்பெறுகின்றன. அவற்றினிடையே மீனவரும் அவர்தம் மனைவியரும் தமது வட்டார வழக்கிலே பேசுகின்றனர். அப்பேச்சு ஒலிப்பதிவு செய்து எழுதியது என்றே வாசகர் பலர் எண்ணினர். உண்மையில் பெரும்பகுதி ஆசிரியரே நோயாளரின் உள்ளத்தினின்று வருவித்து எழுதியது. அப்படியாயின் இது ஆவணமா, புனைவா என்று விமர்சகர் மயங்கினர். நம்மைப் பொறுத்தவரை மயக்கத்துக்கு இடமில்லை. நாவசைக்க இயலாதவரின் சொல்லை ஒலிப்பதிவுக் கருவி எங்ஙனம் பதியும்? வெளித்தோற்றத்தைப் பிரதிசெய்வது இயற்பண்புவாதம். அதனூடே மனித உறவின் மெய்யைக் காண்பது யதார்த்தவாதம். இந்த வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தில் நெடுங்காலம் தேடிய நமது மாணவர் இந்நூலிற் கண்டுகொள்ளலாம். குறையும் உண்டு. பழைய கடல்வாழ்வைப் பேசுமிடத்து ஆசிரியர் அதனை ஏக்கத்தின் பொன்னொளியிற் காண்கிறார். மீனவரிடையே இருந்திருக்கக்கூடிய ஏற்றத்தாழ்வு அவ்வொளியில் மங்கிவிடுகிறது. ஆயினும் 1970இல் தம்மைத் தேடிவந்த ஓயா சோயிச்சி பரிசை அவர் ஏற்க மறுத்ததை நினைக்கையில், துன்பத்தை விற்பனைப் பொருளாக்காத எழுத்தாளர் இவர் என்னும் மதிப்பே மேலோங்குகிறது.

சமவாயத்துக்குத் திரும்புவோம். புதிய பாதரசச் சுரங்கங்களை அது தடைசெய்கிறது. பாதரச வெப்பமானி முதலிய பொருள்களுக்கு 2020ஐயும், மினமாட்டாவை அழித்த அதே செய்முறைக்கு 2018ஐயும் எல்லையாக வகுத்தது. இவை அற்பமானவையல்ல. ஆனால் நச்சேறிய நிலங்களைப் பற்றிய பன்னிரண்டாம் உறுப்புரையில் வினைச்சொல் தளர்ந்துபோகிறது: அவற்றை இனங்காணவும் மதிப்பிடவும் உரிய உபாயங்களை வகுக்க அரசுகள் 'முயலும்'. முன்னரே நச்சேற்றவருக்கு ஈடுசெய்யும் கடமை எவருக்கு என்பதை எவ்வுறுப்புரையும் சொல்லவில்லை. ஊரின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் ஊராரின் வழக்கை விட்டுவிட்டார்கள்.

தூய்மைக்கு இன்னொரு வழியும் உண்டு: அசுத்தத்தை இடம்மாற்றுவது. நியூயோர்க் மாநிலத்தின் வோட்டர்ரவுனில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்திற் கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்தது. பின்னர் இந்துஸ்தான் யுனிலீவருக்கு உடைமையாயிற்று. வோட்டர்ரவுன் தூயதாயிற்று. பாதரசம் ஒட்டிய கண்ணாடி கொடைக்கானலின் பழைய இரும்புக் கடையொன்றிற் கிடந்ததை மக்கள் கண்டு போராடியதன் பின்னரே, 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 தொன் கழிவு மீண்டும் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு 2016இல் ஒரு தொகை கொடுபட்டது. அதற்கு இட்ட பெயர் கருணைத்தொகை. மினமாட்டாவின் அனுதாபப் பணத்தை நாம் மறந்துவிடவில்லை.

1972இல் ஸ்டொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபை முதலாவது மானிடச் சூழல் மாநாட்டைக் கூட்டியபோது, தாயின் கருவிலேயே நச்சேற்ற பதினைந்து வயதுச் சிறுமியொருத்தி மினமாட்டாவிலிருந்து அங்கே சென்றாள். 2017 செப்டெம்பரில், சமவாயத்தின் முதலாவது மாநாடு ஜெனீவாவில் நடந்தபோது, அறுபத்தொரு வயதில் அதே பெண் மீண்டும் வந்து, மினமாட்டா இன்னும் முடிந்துவிடவில்லை என்று பிரதிநிதிகளிடம் சொன்னார்.