சிலம்பின் ஆடரங்கும் நகர மறுகும்

அரங்கேற்றுகாதை பற்றிய ஆய்வுகள் பல, ஆடரங்கின் அளவுகளோடு நின்றுவிடுகின்றன. 24 விரல் கொண்ட கோலால் நீளம் 8, அகலம் 7, உயரம் 1. எழினி மூன்று, வாயில் இரண்டு. தூண்நிழல் அரங்கின் புறத்தே விழுமாறு விளக்கு. இவ்வளவு நுணுகிக் கூறும் இளங்கோவடிகள், காண்போர் அமர்ந்த இடத்திற்கு அளவு கூறவில்லை. அரங்கின் சமூகப் பயனை ஆராய்வோர் இம்மௌனத்தையும் கருதவேண்டும். காண்போர் யாவர் என்பதைக் காப்பியம் அரங்கிற்கு வெளியே வைத்துக் காட்டுகிறது. மாதவி தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அடுத்து, நகர நம்பியர் திரியும் மறுகில் கூனி ஒருத்தி மாலையுடன் நிற்கிறாள். அம்மாலையின் விலையும் 1008 பொன்னே. கோவலன் அதனை வாங்கி மாதவி மனை புகுகிறான். இவ்வொப்புமையைக் கதையை நகர்த்தும் உத்தி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அரசன் வழங்கிய பரிசை விதிமுறைப்படியானது என்றே நூல் குறிக்கிறது. மறுகில் கூறப்பட்ட விலைக்கும் அவ்விதியே அளவாயிற்று.