எமனுக்கு லைட் போட்டது யார்?

ஏர்வாடி என்றால் தர்கா. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து ஏர்வாடிக்காரர்கள் மன்னிக்க. சந்தனக்கூடு பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஊருக்கு வெளிச்சம் ஒன்றும் புதிதல்ல. மதம் பார்க்காமல் ஜனம் கூடும் இரவு அது. விளக்குகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால், முன்னே போகிறவர் காலை மிதிக்காமல் இருக்க முடியாது.

ஒரு காலத்தில் நம் ஊர்த் திருவிழாக்களில் சீரியல் பல்புகளை 'ஓட' வைக்க ஒரு மர உருளை இருக்கும். அதன்மேல் செப்புத் தகடுகளை ஒட்டி மோட்டாரால் சுழற்றுவார்கள். தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். பொறி பறக்கும். பக்கத்தில் ஒருவர் பீடியுடன் காவல் உட்கார்ந்திருப்பார். அவரைத் தாண்டி யாரும் விளக்கைத் தொட முடியாது. கம்ப்யூட்டர் பாஷையில் இதற்குப் பெயர் நெட்வொர்க் செக்யூரிட்டி.

இப்போது உருளையும் இல்லை, பீடிக்காரரும் இல்லை. அதன் விளைவை ஒரு நாடகத்தில் பார்த்தேன்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக ஏர்வாடி போயிருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. கடல் காற்றில் எங்கிருந்தோ ஆர்மோனியம் கேட்டது. பக்கத்துக் கிராமத்தில் கோயில் பொங்கலாம். ஸ்பெஷல் நாடகம், 'சத்தியவான் சாவித்திரி' என்றார்கள். கிளம்பிவிட்டேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வழிவந்த இசை நாடகம். 'ஸ்பெஷல்' என்ற வார்த்தைக்குக் காரணம் உண்டு. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. விடிய விடியப் பாடி முடித்துவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

மேடையில் எட்டு எல்.இ.டி. விளக்குகள். லைட் போடுகிறவரைத் தேடினேன். ஓரத்தில், திரைக்குப் பின்னால், எங்கும் காணோம். கடைசியில் பார்த்தால் என் பக்கத்திலேயே, ஜனங்களோடு ஜனமாக, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மைக் செட் பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். கையில் செல்போன். அதுதான் அவனுடைய லைட் போர்டு.

முதலில் அவனைப் பாராட்டிவிடுகிறேன். ஒத்திகை இல்லாத நாடகத்தில் எந்தப் பாட்டு எப்போது முடியும் என்று பாடுகிறவருக்கே தெரியாது. கைதட்டல் வந்தால் இன்னொரு சுற்றுப் பாடுவார். இதற்கெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு லைட்டை அமைக்க முடியாது. ஆர்மோனியக்காரர் மாதிரி நடிகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூடப்போக வேண்டும். பையன் போனான். சாவித்திரி கானகத்துக்கு வந்தபோது மஞ்சளை இழுத்து நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஜனங்கள் நடுவே உட்கார்ந்திருந்ததால் அவர்கள் பார்ப்பதையே பார்த்தான். மேடையோரம் உட்கார்ந்தவனுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. செல்போன் நாடகத்துக்குச் செய்திருக்கும் நிஜமான உதவி இது.

மூன்று மணி வாக்கில் சத்தியவான் தலைவலி என்று சாவித்திரி மடியில் சாய்ந்தான். நீலம் மங்கியது. பின்வரிசையில் ஒரு பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எமன் வர வேண்டும்; சிவப்பு வர வேண்டும்.

எமன் வந்தான். வந்தது ரோஸ் கலர். அடுத்து பச்சை. அடுத்து எட்டு விளக்கும் சேர்ந்து கல்யாண ரிசப்ஷன் டிஸ்கோ மாதிரி வெட்டி வெட்டி அடித்தன. கூட்டம் 'ஓ' என்று சிரித்தது. எமன் பாசக்கயிற்றைத் தூக்கியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"நான் இல்ல சார்! நான் தொடவே இல்ல!" என்றான் பையன். அவன் சிவப்பை இழுக்கிறான், யாரோ பச்சையைத் தள்ளுகிறார்கள். கூட்டத்தில் எவனோ ஒரு குறும்புக்காரன், அதே இலவச ஆப்பை இறக்கி, அதே வை-ஃபையில் நுழைந்துவிட்டான். பூட்டே இல்லாத வை-ஃபை. என் போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கும் 'வா வா' என்றது. பொய் சொல்லக்கூடாது, ஒரு கணம் எனக்கும் விரல் துறுதுறுத்தது.

இது எப்படி நடக்கிறது? மேடை விளக்குகள் பேசும் பாஷைக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். 1986-ல் அமெரிக்காவில் வகுத்தது. ஒரு கம்பியில் 512 வாய்க்கால்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். இந்த எண் பட்டியல் முழுவதும் செகண்டுக்குச் சுமார் 44 தடவை ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கு தன் எண்ணை மட்டும் பொறுக்கிக்கொண்டு கீழ்ப்படியும். 'நீ யார், உனக்கு என்ன அதிகாரம்?' என்று கேட்காது. கம்பி இருந்த காலத்தில் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கம்பியின் மறுமுனையில் ஒரே ஆள்தான் இருந்தார்.

1998-ல் 'ஆர்ட்-நெட்' என்ற முறை வந்து இதே எண்களைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஏற்றியது. வை-ஃபையும் செல்போனும் வந்து சேர்ந்தன. மேடைக்கு அருகே ஒரு சின்னப் பெட்டி, காற்றில் வரும் எண்களை வாங்கிக் கம்பிக்கு மாற்றிக் கொடுக்கும். பாஷை மட்டும் பழையபடி வெகுளி. நெட்வொர்க்குக்குள் நுழைந்துவிட்ட யார் சொன்னாலும் கேட்கும். இரண்டு பேர் சொன்னால் இரண்டையும் கலக்கும். அன்றைக்கு எமனுக்கு நேர்ந்தது அதுதான்.

'கிராமத்துப் பையன், விவரம் தெரியாது' என்று சிரிக்காதீர்கள். 1903 ஜூன் 4, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். கம்பியில்லாத் தந்தி பத்திரமானது, இன்னொருவர் குறுக்கே வர முடியாது என்பது மார்க்கோனியின் பெருமை. அவர் தூரத்துக் கார்ன்வாலிலிருந்து செய்தி அனுப்பத் தயாராக இருக்க, அரங்கில் பேராசிரியர் ஃப்ளெமிங் பேசிக்கொண்டிருந்தார். செய்தி வருவதற்கு முன்பே கருவி தட்ட ஆரம்பித்தது. 'எலிகள், எலிகள்' என்று திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை. பின்னாலேயே மார்க்கோனியைக் கிண்டல் செய்து ஒரு வேடிக்கைப் பாட்டு. அனுப்பியவர் நெவில் மாஸ்கலின். தொழில்? மேடை மாஜிக். ஃப்ளெமிங் பத்திரிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். 'ஓட்டை இருப்பதைக் காட்டவே செய்தேன்' என்று மாஸ்கலின் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். கம்பியில்லாக் கருவியின் பூட்டை முதலில் ஆட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் நாடகமேடைக்காரர் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சரி, எமனுக்கு வருகிறேன். சிரிப்புத்தானே, போகட்டும் என்று விடலாமா? விடமுடியாது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, கலை. மேடையில் வெளிச்சமும் ஒரு நடிகர். 1959-ல் கல்கத்தாவில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளிகள் மூழ்குவதை தாபஸ் சென் வெளிச்சத்தாலேயே காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இங்கே ஆர்.எஸ். மனோகர் புராண நாடகங்களில் தந்திரக் காட்சிகளால் சபாக்களை வாய்பிளக்க வைத்தார். நவீன நாடகத்தில் செ. ரவீந்திரன் ஒளியமைப்பைத் தனிக் கலையாகவே மதித்து நமக்குப் பழக்கினார். இவர்கள் எல்லோரிடமும் பொதுவான விஷயம், கை விசையில், கண் மேடையில். செல்போனில் விசை என்பது வெறும் கண்ணாடி. தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள மேடு பள்ளம் இல்லை. அதனால் நம் பையன் பாதி நேரம் போனைக் குனிந்து பார்த்தான். சத்தியவான் சாய்ந்த அந்தக் கணத்தைக்கூட அவன் முழுசாகப் பார்க்கவில்லை. பூட்டு இல்லாதது ஒரு குற்றம் என்றால், இது எனக்கு அதைவிடப் பெரிய குறை.

இரண்டாவது, உயிர். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எல்லா விளக்கையும் ஒரே நொடியில் அணைக்கும் அதிகாரம் முகம் தெரியாதவன் கையில் இருக்கக்கூடாது. இருட்டில் கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேடையில் வெடி, தீப்பொறி வைக்கிறவர்கள் அதையும் இதே கம்பியில் கோத்துவிடுவதாகக் கேள்வி. டி.எம்.எக்ஸ். பாஷைக்குத் தப்பு வந்தால் கண்டுபிடிக்கும் வழியே கிடையாது. ஆபத்தான எதற்கும் அதை நம்பக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்துத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். நெருப்பில் அலட்சியம் கூடாது என்று அந்தக் கடற்கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வழி இருக்கிறது. செலவும் அதிகமில்லை. லைட்டுக்கென்று தனி ரவுட்டர் வையுங்கள். அதில் இன்டர்நெட் வேண்டாம். டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 பூட்டைப் போட்டு நீளமான பாஸ்வேர்ட் கொடுங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். நெட்வொர்க் பெயரை மறைத்துவைத்தால் போதும் என்பார்கள். கதவு நம்பரை அழித்துவிட்டுத் திருடன் வரமாட்டான் என்று தூங்குகிற மாதிரி. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வை-ஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் எமன் வரும் நேரத்தில் மச்சான் கூப்பிடுவார்.

ரவுட்டரை உயரத்தில் கட்டுங்கள். வை-ஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். சாயங்காலம் காலி மைதானத்தில் ஜோராக வேலை செய்தது ராத்திரி ஜனம் நிறைந்ததும் திணறுவதற்கு இது ஒரு காரணம். இந்தியாவில் 2005 முதல் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால், வந்திருக்கும் அத்தனை பேரின் போன்களும் அங்கேதான் நெரிசலிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையோரம் கம்பியில் ஒரு சாதாரண சுவிட்ச் இருக்கட்டும். எந்த ஆப்பும் எட்டாத சுவிட்ச். அதன் பக்கத்தில் ஓர் ஆள். பீடி வேண்டாம்.

அன்றைக்கு அந்த சுவிட்ச்தான் காப்பாற்றியது. பையன் ஓடிப்போய்ப் பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினான். மேடை இருண்டது. அரைநிமிஷத்தில் யாரோ ஒரு பழைய டியூப் லைட்டைப் போட்டார்கள். அது இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது. வெள்ளை வெளேரென்று ஈவிரக்கமில்லாத வெளிச்சம். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எமன் பேச வாயெடுத்தார், கூட்டம் மறுபடி சிரித்தது.

சுவாமிகள் எமனாக நடித்த காலத்தில், அவர் தோற்றத்தைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்ததாகவும், அதோடு அவர் வேஷம் கட்டுவதை விட்டதாகவும் ஒரு கதை உண்டு. அந்த எமனுக்கு வந்த கதியைப் பாருங்கள்.

சாவித்திரியாக நடித்த அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். ஆர்மோனியக்காரரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். மடியில் கிடந்த சத்தியவானின் தலையைத் தடவிக்கொண்டே, மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். முதல் அடியில் சிரிப்பு இருந்தது. மூன்றாவது அடியில் இல்லை. அந்தப் பாட்டி மறுபடி முந்தானையை எடுத்தாள். பையன் போனைப் பையில் போட்டுவிட்டு, ப்ளக் பக்கத்தில் நின்றபடி, முதல்முறையாக நாடகத்தை முழுக்கப் பார்த்தான்.

விடிந்ததும் டீக்கடையில் என்னிடம் வந்தான்.

"பாஸ்வேர்ட் வச்சுட்டேன் சார். 'எமதர்மன்'. எப்படி?"

"இந்த ஊரே முதலில் அதைத்தான் அடித்துப் பார்க்கும், தம்பி" என்றேன்.