கூட யார் வந்திருக்கீங்க?

மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு எழுதுபவர் முதலில் கேட்பது நோயாளியின் பெயர். அடுத்து வயது. மூன்றாவதாக, தலையைத் தூக்காமலே, "கூட ஆரு வந்திருக்கீங்க?" வந்தது குடிநோய்க்கு என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண்தான். மனைவி, அம்மா, சில சமயம் பள்ளிச் சீருடையோடு மகள்.

மேட்டூரில் இருக்கும் என் சித்தியோடு ஒரே வருடத்தில் ஏழெட்டு முறை இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. இன்னொன்றுக்குப் போயிருந்தாலும் இதே பெஞ்சில், இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்போம். காத்திருந்த நேரத்தில் வாசிக்கக் கிடைத்தவற்றைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. சுவரில் ஒட்டியிருந்தவை, கையில் கொடுத்தவை, மாத்திரையோடு சேர்த்து வாய்மொழியாகச் சொன்னவை. கதையையும் கவிதையையும்தான் விமர்சிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஓ.பி. சீட்டும் ஒரு பிரதிதான். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்க்கலாம்.

குடி குடியைக் கெடுக்கும் என்ற வாசகத்தை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தோம். இரண்டாவது 'குடி' குடும்பம். சொல் விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கெடுவது 'குடி' என்று பொதுவில் சொல்லிவிட்டால், அந்தக் குடிக்குள் அடி வாங்குவது யார், அடகு வைத்த தோட்டை மீட்க வட்டி கட்டுவது யார், ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பது யார் என்பது மறைந்துபோகிறது. குடும்பம் என்ற சொல்லுக்குள் பெண் காணாமல் போவது புதிதில்லை. சிகிச்சைக்குள்ளும் அவள் அப்படியே காணாமல் போகிறாள் என்பதுதான் என் புகார்.

வெளிநோயாளி சிகிச்சை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் குடித்து உடல் பழகிவிட்ட ஒருவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை ஒரு சிலருக்குச் சித்தப்பிரமை வரும். இல்லாத பூச்சிகள் சுவரில் ஊரும், செத்துப்போனவர்கள் வாசலில் நிற்பார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதனால் குளோர்டயசிபாக்சைடு அல்லது டயசிபாம் மாத்திரையை அதிக அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின் எனும் வைட்டமின் பி1. முன்பு வலிப்போ பிரமையோ வந்தவர்களை வார்டில் சேர்க்க வேண்டும். மற்றவர்களை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம், வீட்டில் கவனித்துக்கொள்ளப் பொறுப்பான ஓர் ஆள் இருந்தால்.

இந்த 'இருந்தால்' என்பதில்தான் முழுச் சிகிச்சையும் நிற்கிறது. அந்த ஆளுக்கு மருத்துவமனை சம்பளம் தருவதில்லை, பயிற்சி தருவதில்லை, விருப்பமா என்றும் கேட்பதில்லை. சித்தி ஜலகண்டபுரம் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் தார் சுற்றுகிறார். சித்தப்பா குடியை நிறுத்திய முதல் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மாத்திரையைத் தன் கையில் வைத்து, எண்ணிக் கொடுத்தார். வார்டில் இந்த வேலையை மூன்று ஷிப்டாகப் பிரித்துச் செய்பவருக்குச் செவிலியர் என்று பெயர். வீட்டில் ஒரே ஷிப்டாகச் செய்பவரின் பெயர் சீட்டில் 'உடன் வந்தவர்'.

வெளிநோயாளி சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட போதைப் பயன்பாட்டு ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். கதவைப் பூட்டி அடித்துத் திருத்தும் 'மறுவாழ்வு மைய'ங்களைப் பற்றி வரும் செய்திகளையும், 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதையும் நினைத்தால், காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் சிகிச்சை எவ்வளவோ மேல். என் கேள்வி, அந்தச் சிகிச்சையின் செலவை யார் கட்டுகிறார்கள் என்பது மட்டும்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்க மேட்டூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. நாட்டு மதுவிலக்கு வரலாறு எங்கள் மாவட்டத்திலிருந்துதான் எழுதப்படுகிறது. அணை கட்டி முடித்த மூன்றே வருடத்தில், 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கை முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தது. அதற்கு முன்பே திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார், கல்கி அதில் உதவியாசிரியர். பத்திரிகையின் பெயர் 'விமோசனம்'. சாபத்திலிருந்து விடுதலை! அகலிகையின் ஞாபகம் வராமல் இந்தச் சொல்லை நம்மால் கேட்க முடியாது. பெண் கல்லாகக் காத்திருக்க, விடுதலை வெளியிலிருந்து வர வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால், 1921இல், ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நாகம்மையும் கண்ணம்மாவும் முன்னின்று நடத்தினார்கள். அவர்கள் காத்திருக்கவில்லை, தெருவில் நின்றார்கள். தெருவில் நின்ற பெண் பிறகு எப்படி மருத்துவமனைப் பெஞ்சில் 'உடன் வந்தவர்' ஆனார் என்பதை யாராவது தனியே எழுத வேண்டும். 1971இல் விலக்கு தளர்ந்ததும், திரும்ப வந்ததும், 1983இல் டாஸ்மாக் பிறந்ததும், 2003 முதல் அரசே கடை திறந்து விற்பதும் தெரிந்த கதை. விற்பவரும் அரசு, மருந்து கொடுப்பவரும் அரசு. நடுவில் பஸ் டிக்கெட் எடுப்பது சித்தி.

குடிநோய் சிகிச்சை இலக்கியத்தில் மனைவிக்கென்று எழுதப்பட்ட பிரதிகளில் மிகவும் பரவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 1939ஆம் வருடப் புத்தகத்தில் வரும் 'மனைவிகளுக்கு' என்ற அத்தியாயம். மனைவியரே பேசுவதுபோன்ற குரலில் அது எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சன். அவர் மனைவி லோயிஸ் தன்னைத்தான் எழுதச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தார், சொல்லவில்லை, அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பல வருடம் குடித்துக்கொண்டிருந்த கணவனைக் கடையில் வேலை செய்து காப்பாற்றியவர் லோயிஸ். அந்த வருடங்களைப் பற்றிப் பேசும் உரிமையையும் கணவனே எடுத்துக்கொண்டார். பொறுமையாக இரு, குறை சொல்லாதே, கோபப்படாதே என்று பெண் குரலில் ஓர் ஆண் சொல்கிறார். 1951இல் லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து குடும்பத்தினருக்கென்று அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார் என்பதை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும்.

மருத்துவ ஆராய்ச்சி இன்னும் மோசம். 1953இல் தெல்மா வேலன் என்ற அமெரிக்க சமூகப் பணியாளர் குடிநோயாளிகளின் மனைவியரை நான்கு வகையாகப் பிரித்துப் பெயர்கூட வைத்தார்: துன்புறும் சூசன், அடக்கியாளும் கேத்தரின், ஊசலாடும் வினிஃப்ரெட், தண்டிக்கும் பாலி. தங்கள் சொந்தக் குறைபாட்டுக்குத் தோதாகத்தான் இந்தப் பெண்கள் குடிகாரனைத் தேடிக் கட்டிக்கொண்டார்கள் என்பது இதன் உள்ளர்த்தம். (மாப்பிள்ளையின் முகத்தை மணவறையில்தான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்லும் சித்தியிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார்.) அடுத்த வருடமே ஜோன் ஜாக்சன் மறுத்து எழுதினார். இந்த மனைவியர் பிறவிக் கோணல் உள்ளவர்கள் அல்ல, தொடர்ந்து வரும் நெருக்கடிக்குக் கட்டம் கட்டமாகத் தங்களைப் பழக்கிக்கொள்பவர்கள் என்றார். ஜாக்சனைவிட வேலன்தான் நம் ஊர் ஆலோசனை அறைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறார். "நீங்க நச்சரிக்கறதாலதான் அவர் குடிக்கறாரோ என்னமோ?" என்று சித்தியிடம் கேட்டவர் வேலனின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. கேள்விப்படாமலே அவர் வழியில் யோசிக்க முடிகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு தொடக்கமும் உண்டு. கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இறந்த பிறகு, 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் டி.டி.கே. மருத்துவமனையும். மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டார்கள். குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை என்பதை இந்த நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே ஏற்றது. கூட இருந்து பார்த்த ஒரு பெண் தொடங்கியதாலேயே அப்படி என்று நான் நினைக்கிறேன். ஆனால் பிற்காலக் கையேடுகளில் 'இணைச்சார்பு' என்ற இறக்குமதிச் சொல் எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது. மனைவி கணவனின் நோயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாளாம். ரேஷன் கார்டும் வாடகை ஒப்பந்தமும் அவன் பெயரில் இருக்கும்போது ஒட்டாமல் எங்கே போவது என்று அந்தச் சொல் கேட்பதில்லை.

இனி இரட்டை நோய்க்கு வருகிறேன். குடிநோயோடு மனச்சோர்வு, பதற்றம், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு இவற்றில் ஒன்று சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது திரும்ப இழுத்துவிடும், இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட விஷயம். குடியை நிறுத்தி நாலைந்து வாரம் கழித்தும் சோர்வு நீடித்தால்தான் அது தனி நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் பார்ப்பது என்று மறுபடி கேட்க வேண்டாம்.

சித்தப்பாவுக்கு இருந்தது சந்தேக நோய். குடியோடு நெருங்கிய தொடர்புள்ள மனக்கோளாறு இது. மனைவிக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்ற அசைக்க முடியாத நம்பிக்கை. மற்ற மனநோய்களில் எதிரி போலீசாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ பேயாகவோ இருக்கலாம். இதில் எதிரி மனைவி மட்டும்தான். அந்த மனைவியிடம்தான் மாத்திரையைக் கொடுத்து, "நீங்களே உங்க கையால குடுங்க, முழுங்கறாரான்னு பாருங்க" என்கிறார்கள். மூன்றாம் நாள் சித்தப்பா தட்டைத் தூக்கி எறிந்தார். "வெசம் வெக்கறா!"

அந்தச் சமயத்தில் பஸ் நிலையத்துச் சுவரில் சித்தி ஒரு விளம்பரத்தைக் காட்டினார். கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், குடியை மறப்பார். இப்படி விற்கப்படுபவற்றில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மருந்துக்கடையில் டைசல்ஃபிராம் மாத்திரையே வாங்கிக் குழம்பில் பொடித்துப் போடும் பெண்களும் உண்டு. ரப்பர் தொழிலில் பயன்பட்ட இந்த ரசாயனத்தை 1940களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய் மருந்தாக்கினார்கள். சாராயம் உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு சிதையவிடாமல் இது தடுக்கிறது. அதனால் மாத்திரை சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். விழுங்கியதை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். தெரிந்து, சம்மதித்து எடுத்துக்கொள்பவருக்குத்தான் இது மருந்து. மனச்சிதைவு போன்ற நோய் இருப்பவருக்குக் கொடுத்தால் பிரமையைக் கூட்டவும் கூடும். தெரியாமல் கலந்தால், அவன் 'வெசம்' என்று சொன்னது பாதி உண்மையாகிவிடும், பழியும் வழக்கும் அவள் தலையில் விழும். ஆனாலும் கலக்கும் பெண்ணைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குச் சமையலறையைத் தவிர வேறு ஆயுதம் எதையும் இந்த ஏற்பாடு கொடுக்கவில்லை.

நல்ல சிகிச்சை வந்தால் இதெல்லாம் தானே சரியாகிவிடும் என்பவர்களுக்காகக் கோவா ஆய்வைச் சொல்கிறேன். 2017இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் பிரச்சினைக் குடியிலிருந்து மீண்டவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், பெறாதவர்களில் 26 சதவீதம். மேட்டூர் போன்ற ஊர்களுக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனால் அதே ஆய்வில், மனைவி மீதான வன்முறையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. குடிக்கும் மனைவியை அடிப்பதற்கும் இருக்கும் முடிச்சு நாம் நினைப்பதுபோல ஒற்றை முடிச்சு இல்லை. பாட்டிலை எடுத்துவிட்டாலும் கை அப்படியே இருக்கிறது.

அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஆண்கள் மட்டும். 2019 அரசு ஆய்வின்படி குடிக்கும் பெண்கள் 1.6 சதவீதம்தான் என்பதால் பெண் நோயாளி எப்போதும் அடிக்குறிப்பாகவே இருக்கிறார். ஓ.பி.யில் ஒரே ஒருமுறை அப்படி ஒருவரைப் பார்த்தேன். கூட வந்திருந்தது அவர் அம்மா. கணவர் வரவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. தூக்க மாத்திரைக்குப் பழகிவிட்ட பெண்களைப் பற்றி நமக்குப் பேச்சே இல்லை. சித்தி இரண்டு வருடமாக ராத்திரி அல்பிரசோலம் போட்டுக்கொண்டிருந்தார். அடிப்பவன் எப்போது வருவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுப்பவளுக்கு வேறு எப்படித் தூக்கம் வரும்? அழுகை, பசியின்மை, அணையில் விழுந்துவிடலாமா என்ற நினைப்பு எல்லாம் இருந்தது. குடிநோயும் மனநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால்தான் இரட்டை நோய். குடி ஓர் உடலிலும் அதனால் வந்த மனச்சோர்வு இன்னோர் உடலிலும் இருந்தால், அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பெயர் இல்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. நோயாளிக்கு நிறைய உரிமை கொடுத்திருக்கிறது, மகிழ்ச்சி. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் மருத்துவமனைக்கும் கடமை வைத்திருக்கிறது. இரண்டு சட்டமும் ஒரே ஓ.பி. அறையில் ஒரே நாளில் சந்தித்து நான் பார்த்ததில்லை. சித்தப்பாவிடம் ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் குடிக்கவில்லை என்று கேட்டார்கள். எத்தனை நாள் அடிக்கவில்லை என்று கேட்கவே இல்லை. சித்தியைத் தனியே உட்காரவைத்து, கணவன் வெளியே இருக்கும்போது, "உங்களுக்குத் தூக்கம் எப்படி?" என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். 181, 14416 என்ற இரண்டு எண்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க அரை நிமிடம்.

ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, சித்தி வரிசையில் நின்று தன் பெயருக்கே ஒரு சீட்டு கேட்டார். "பேசன்ட் அவருதானே?" என்றார் எழுதுபவர். "நானுந்தானுங்க." அன்றைக்கு நேரம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் தனியாகப் போய், மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிவந்தார். கூட யார் என்ற கேள்விக்கு ஆருமில்லை என்றாராம். சித்தப்பாவின் மாத்திரைகள் டிவி மேல் இருக்கின்றன, இப்போது அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார், சில நாள் மறந்தும் போகிறார். சித்தி தன்னுடையதைத் தறிப்பட்டறையில் தார்ப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். வீட்டில் வைத்தால் பைத்தியம் என்று சொல்லிக்காட்டுவார்கள் என்கிறார்.